கரும்பு இனப்பெருக்க அறிவியலாளராக இருந்த என் அப்பாவும் அவர் விட்டுச்சென்ற 35 நாட்குறிப்பேடுகளும்

கோவை மகள் (இழையைத் தொடங்கியவர்)

வருகிற ஐப்பசியோடு அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. கரும்பு பூக்கிற மாதத்தில் போயிருக்கிறார் என்று, துக்கம் விசாரிக்க வந்த அவருடைய பழைய நண்பர்கள் ஒருவர் சொன்னதை மற்றவர் அறியாமலே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவர் 1974இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்தில் சேர்ந்து, கரும்புக்கு இனக்கலப்புச் செய்வதையே வாழ்க்கையாகக் கொண்டு, 2009இல் முதன்மை அறிவியலாளராக ஓய்வு பெற்றார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்பது என் விருப்பம். அதோடு, அவர் விட்டுச்சென்ற ஒரு பொருளை என்ன செய்வது என்று இங்கே உள்ளவர்களிடம் கேட்கவும் வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் தீபாவளி அதிகாலை மூன்று மணிக்கே தொடங்கிவிடும். அப்பா எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாமி கும்பிட்டு, அம்மா நீட்டிய பலகாரத்தில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, நான்கரை மணிக்கெல்லாம் சைக்கிளை எடுத்துவிடுவார். கரும்புப் பூவின் மகரந்தப் பைகள் பொழுது விடியும் நேரத்தில் வெடிக்கும். வெளியே வந்த மகரந்தம் சிறிது நேரமே உயிர்ப்போடு இருக்கும். ஆண் கதிரை வெட்டி எடுத்து, துணிக்கூண்டுக்குள் காத்திருக்கும் பெண் கதிரின் மேல் அதன் மகரந்தத்தை உதிர்க்கும் வேலையைப் பண்டிகைக்காக ஒரு நாள் தள்ளிவைக்க முடியாது. ஐப்பசியில் கல்யாணம் வைத்தால் அப்பா வரமாட்டார் என்பதில் உறவினர்களுக்கு முதலில் மனக்குறை இருந்தது, பிறகு அவர்களே முகூர்த்தம் குறிக்கும்போது, "மாமாவுக்குப் பூ முடிந்திருக்குமா?" என்று கேட்டுவிட்டுக் குறிக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள்.

இந்த நிறுவனம் கோயம்புத்தூரில் ஏன் இருக்கிறது என்று எனக்குப் பத்து வயதிருக்கும்போது கேட்டேன். அப்பா திண்ணையில் சுண்ணக்கட்டியால் இந்தியாவை வரைந்து காட்டினார். சர்க்கரை ஆலைகள் நிறைந்த வட இந்தியாவில் கரும்பு அரிதாகத்தான் பூக்கும். பூத்தாலும் அங்குள்ள குளிரில் மகரந்தம் பயன்படாமல் போகும். பகல் நீளம் மெல்லக் குறையும் விதமும், இரவின் மிதமான வெப்பமும் கோயம்புத்தூரில் பொருந்தி வருவதால் இங்கே தாராளமாகப் பூக்கிறது. அதனால்தான் 1912இல் நிறுவனத்தை இங்கே அமைத்தார்கள் என்றும், பஞ்சாபுக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் பீகாருக்கும் வேண்டிய கரும்பின் கல்யாணம்கூட இங்கேதான் நடக்கிறது என்றும் சொன்னார். ஒவ்வொரு நவம்பரிலும் பல மாநிலங்களிலிருந்து ஆய்வாளர்கள் வந்து, தங்களுக்கு வேண்டிய கலப்புகளைச் செய்து, விதைப் பஞ்சைப் பைகளில் கட்டி எடுத்துக்கொண்டு ரயிலேறுவார்கள். அவர்களில் சிலர் எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள்; அவர்களுக்காகவே அம்மா சப்பாத்தி போடக் கற்றுக்கொண்டார்.

பொங்கலுக்கு வாங்கும் கருஞ்சிவப்புக் கரும்பை அவர் எங்களுக்கு நறுக்கிக் கொடுக்கும்போது மறக்காமல் ஒன்றைச் சொல்வார். மென்மையும் தடிமனும் உள்ள அந்த இனத்தை மட்டும் நம்பியிருந்தால் நோயிலும் வறட்சியிலும் கரும்புச் சாகுபடியே அழிந்திருக்கும். ஆற்றங்கரையில் யாரும் சீந்தாமல் கிடக்கும் பேய்க்கரும்புதான் அதற்கு உயிர் கொடுத்தது என்பார். நிறுவனத்தின் முதல் தலைவரான பார்பரும், அவருடன் பணியாற்றிய டி. எஸ். வெங்கட்ராமனும் வெள்ளை என்ற நாட்டுக் கரும்பையும் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேய்க்கரும்பையும் கலந்து உருவாக்கிய கோ 205 ரகம் 1918இல் பஞ்சாபுக்குப் போனது. இதைச் சொல்லிவிட்டு, பட்டினத்தார் கையில் வைத்திருந்த பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்த கதையையும் சொல்வார். "அவருக்கு ஒற்றியூரில் இனித்தது, எங்களுக்குக் கோயம்புத்தூரில் இனித்தது" என்று அவர் சொல்லும்போது, எத்தனை முறை கேட்டிருந்தாலும் நாங்கள் புதிதாகக் கேட்பதுபோல் இருப்போம்.

இனி நாட்குறிப்பேடுகளைப் பற்றிச் சொல்கிறேன். 1975 முதல் 2009 வரை ஆண்டுக்கு ஒன்றாக 35 இருக்கின்றன. கலப்புப் பதிவேடுகளும் ஆய்வறிக்கைகளும் நிறுவனத்தில் முறைப்படி உள்ளன. இவை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வயலில் எழுதியவை. நான் வங்கியில் பணிபுரிகிறவள், பயிரியல் படித்ததில்லை. ஆனால் இந்த ஓராண்டில் பக்கம் பக்கமாகப் படித்துப் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இவற்றில் பெரும்பகுதி, அவர் வேண்டாம் என்று கழித்த செடிகளைப் பற்றியது. கரும்பு விதையில் முளைக்கும் ஒவ்வொரு நாற்றும் வேறு வேறு. ஒரே தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்த பல்லாயிரம் நாற்றுகளில் எதுவும் இன்னொன்றைப் போல இராது. அத்தனையையும் வளர்த்து, நோய்க்கு உட்படுத்தி, சாறு எடுத்துப் பிரிக்ஸ் (சாற்றின் இனிப்பு அளவு) பார்த்து, ஆண்டுதோறும் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒன்றோ இரண்டோ மிஞ்சும். சில கலப்புகளில் எதுவுமே மிஞ்சாது. மிஞ்சியதற்கும் மனிதர் பெயர் கிடையாது, எண்தான். இன்று எல்லாரும் அறிந்த கோ 86032 என்பதில் 86 என்பது அது தேர்வாகி எண் பெற்ற ஆண்டு, 32 வரிசை எண். அது சாகுபடிக்கு வெளியானது 2000இல். எடுத்துக்காட்டாகத்தான் இதைச் சொன்னேன். அப்பா பங்கேற்ற ரகங்கள் எவை என்று நான் எழுதப்போவதில்லை, அவர் உயிரோடு இருந்தால் அதை விரும்பமாட்டார்.

கழித்த செடிகள் சிலவற்றின் எதிரே அவர் "மனமில்லை" என்று தமிழில் எழுதியிருக்கிறார். மற்றக் குறிப்புகள் எண்களும் ஆங்கிலச் சுருக்கங்களுமாக இருக்க, இந்தச் சொல் மட்டும் 35 ஏடுகளிலும் ஆங்காங்கே வருகிறது. இதற்கு என்ன பொருள்? இந்த ஏடுகளால் யாருக்காவது பயன் உண்டா, அல்லது எங்கள் குடும்பத்தின் நினைவுப் பொருளாக அலமாரியில் இருந்தால் போதுமா? அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

கீழ்பவானிப் பாசனத்தான்

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கரும்பு வயல் இருக்கிறது, நாட்டுச்சர்க்கரை காய்ச்சுகிறோம். உங்கள் தந்தையாரை நான் பார்த்திருக்கக்கூடும் என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வயலில் கோக 671 இருந்தது. சர்க்கரைச் சத்து மிகுந்த, சீக்கிரம் முற்றுகிற அருமையான ரகம் அது, ஆனால் செவ்வழுகல் என்ற பூசண நோய்க்கு எளிதில் ஆட்பட்டுவிடும். வெட்டிய தூரிலிருந்து மீண்டும் துளிர்த்து வளரும் மறுதாம்பில் தோகைகள் ஒவ்வொன்றாகக் காய ஆரம்பித்தன. கோயம்புத்தூரிலிருந்து ஒரு அறிவியலாளர் வந்தார். ஒரு கரும்பை நெடுக்குவாட்டில் பிளந்து, சிவந்த சதைக்குள் குறுக்கே வெள்ளைத் திட்டுகள் இருப்பதை என் அப்பாவுக்குக் காட்டி, முகர்ந்து பார்க்கச் சொன்னார். சாராயத்தைப் போலப் புளித்த வாடை வந்தது. "இந்தத் தூர்களை வேரோடு தோண்டி எரித்துவிடுங்கள், மறுதாம்பு விடாதீர்கள், இந்த வயலின் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போக வேண்டாம், ஒரு போகம் நெல் வையுங்கள்" என்றார். என் அப்பாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ரகத்தைக் கொடுப்பதும் நீங்கள், எரிக்கச் சொல்வதும் நீங்களா என்று கேட்டுக் கடுமையாகப் பேசிவிட்டார். வந்தவர் பதிலே சொல்லாமல், வரப்பில் நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டு நெல் அறுத்த பிறகு அதே மனிதர் இரண்டு சாக்கு விதைக்கரணையோடு (நடுவதற்கு வெட்டிய கரும்புத் துண்டுகள்) பேருந்தில் வந்து இறங்கினார். யாரும் அனுப்பி அவர் வந்ததாகத் தெரியவில்லை. கரணைகளை எப்படி வெந்நீரில் நேர்த்தி செய்வது என்று கற்றுக்கொடுத்துவிட்டு, மோர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். உயரமானவர், இடது கையில் கடிகாரத்துக்குப் பதிலாக ஒரு துண்டுத் துணி சுற்றியிருந்தார். அவர்தானா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

பழைய மாணவர்

நான் அவரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தவன். இன்று நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். பல்கலைக்கழகத் தேர்வில் முதலிடம் பெற்றவன் என்ற எண்ணத்தோடு போன என்னை முதல் மூன்று மாதங்கள் மகரந்தம் மட்டும் பார்க்க வைத்தார். கண்ணாடித் தகட்டில் மகரந்தத்தை இட்டு அயோடின் கரைசல் விட்டால், மாவுச்சத்து நிறைந்த நல்ல மகரந்தம் கறுக்கும், மலட்டு மகரந்தம் வெளிறியே இருக்கும். எந்தக் கதிரை ஆணாகக் கொள்வது, எதைப் பெண்ணாகக் கொள்வது என்பது இதில்தான் முடிவாகிறது. நாளுக்கு நூறு தகடு பார்த்தேன். ஒரு நாள் நான் எண்ணாமல் உத்தேசமாக ஒரு விழுக்காட்டை எழுதியதை எப்படியோ கண்டுகொண்டார். திட்டவில்லை. என் பக்கத்தில் அமர்ந்து, அந்தத் தகட்டைத் தானே முழுவதும் எண்ணி, என் எண்ணுக்குக் கீழே தன் எண்ணை எழுதிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு என் பணிக்காலம் முழுவதும் நான் எதையும் உத்தேசமாக எழுதியதில்லை.

"மனமில்லை" என்பதற்கு வருகிறேன். கரிப்பூட்டை என்ற பூசண நோயைச் செடி தாங்குமா என்று பார்க்க நாங்கள் விதைக்கரணையைப் பூசண வித்துகள் கலந்த நீரில் ஊறவைத்து நடுவோம். செவ்வழுகலுக்கு நின்ற கரும்பில் துளையிட்டுப் பூசணத்தைச் செலுத்துவோம். இந்தச் சோதனையில் விழுந்த செடியில் எவ்வளவு இனிப்பிருந்தாலும் கழித்தாக வேண்டும். விதியின்படி கழித்துவிட்டு, அந்தச் செடியிடம் தான் கண்ட ஒரு சிறப்பை மறக்காமலிருக்க அவர் எழுதி வைத்த குறிப்பு இது. ஒரு செடிக்கு வேர் ஆழமாகப் போயிருக்கும். இன்னொன்று கோடையில் தண்ணீர் தவறியபோதும் தோகை சுருளாமல் நின்றிருக்கும். ரகமாக வெளியிடத் தகுதியில்லாத செடி, அடுத்த தலைமுறைக்கு நல்ல தாயாக இருக்கலாம். எழுபதுக்கும் மேற்பட்ட முறை அவர் அப்படிச் சொல்லி ஒரு தூரைக் காப்பாற்றச் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். பிரிக்ஸ் அளவும் விளைச்சலும் பதிவேட்டில் இருக்கும், அம்மா. "வேர் ஆழம், மனமில்லை" என்பது அந்த ஏடுகளில் மட்டும்தான் இருக்கும். ஆகவே அவை அலமாரிக்கு உரியவை அல்ல என்பது என் கருத்து.

வயல்வெளி ஆய்வாளர்

அன்பான நினைவுகள். ஆயினும் இரண்டு விஷயங்களில் எனக்கு மாறுபட்ட கருத்து இருக்கிறது. வருத்தப்பட மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஒரு கரும்பு ரகம் ஒருவருடைய படைப்பாக இருக்கவே முடியாது. கலப்புச் செய்தவர் ஒருவர். நோயியலாளர் வேறு, பூச்சியியலாளர் வேறு. பிறகு அனைத்திந்திய ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டத்தில் பல இடங்களில் பல ஆண்டுகள் நட்டுப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். மறைந்தவர்களைப் பற்றி எழுதும்போது இவர்கள் எல்லாரும் மங்கிவிடுகிறார்கள். இரண்டாவது, பணிநேரத்தில் பணியிடத்தில் எழுதப்பட்ட குறிப்பு தனிப்பட்ட நாட்குறிப்பு என்று சொன்னாலும், அதிலுள்ள தரவு நிறுவனத்துடையது என்பதே சரியான நிலைப்பாடு. குடும்பத்துக்குரிய நினைவையும் அறிவியலுக்குரிய தரவையும் பிரித்துப் பார்த்தால்தான் இந்த ஏடுகளை முறையாகக் கையாள முடியும். மேலும், 35 ஆண்டுகளுக்கு முன் கழித்த செடிகள் இன்று உயிரோடு இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. செடியே இல்லாதபோது அதன் குறிப்பால் ஓரளவு பயன்தான் உண்டு.

கோவை மகள்

ஐயா, வருத்தம் இல்லை. நீங்கள் முதலில் சொன்னதை அப்பாவே ஒப்புக்கொள்வார். அதனால்தான் எந்த ரகத்தையும் அவர் பெயரோடு சேர்த்து நான் எழுதவில்லை. 1988ஆம் ஆண்டு ஏட்டில் ஒரு குறிப்பு இருக்கிறது. வயலில் களையெடுக்க வந்த ஒரு பெண், எண் எழுதிய பலகை மழையில் அடித்துச் செல்லப்பட்ட பிறகு, தோகையின் வளைவையும் கணுவின் நிறத்தையும் பார்த்து நான்கு வரிசைகளையும் சரியாகப் பிரித்துக் கொடுத்தார் என்று அந்தப் பெண்ணின் பெயரோடு அப்பா எழுதி, "இவர் இல்லையென்றால் இந்த ஆண்டு வேலை வீண்" என்று அடிக்கோடிட்டிருக்கிறார். அந்தப் பெயர் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் வந்திருக்காது. மற்றவர்கள் மங்கிவிடக் கூடாது என்றால், இந்த ஏடுகளைப் போன்றவை வெளியே வருவதுதான் வழி என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

தரவு நிறுவனத்துடையது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் எதைக் குடும்ப நினைவு, எதைத் தரவு என்று பிரிப்பது? 1981 நவம்பரில் எனக்கு டைஃபாய்டு வந்தபோது, ஒரே பக்கத்தில் இடப்பக்கம் கதிர்களின் எண்களும் வலப்பக்கம் எனக்கு ஏறி இறங்கிய காய்ச்சலின் அளவுகளும் ஒரே பென்சிலால் எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டையும் ஒரே ஒழுங்கோடு, மணி குறித்து எழுதியிருக்கிறார்.

கவுந்தப்பாடி ஐயாவுக்கு: இடது கையில் சுற்றிய துணி, கரும்புத் தோகையின் சுணையிலிருந்து மணிக்கட்டைக் காக்க அவர் கட்டிக்கொள்வது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு டஜன் துணிகள் இருந்தன. நீங்கள் சொல்லும் ஆண்டு நினைவிருந்தால் சொல்லுங்கள், தேடிப் பார்க்கிறேன்.

நீலகிரிவாசி

என் அப்பா ஊட்டிக்கு அருகே முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கியில் பணியாற்றியவர். 530 மீட்டர் நீளமுள்ள அந்த அமைப்பை, மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக இருக்கும்படி இடம் தேடிக் கட்டினார்கள். அதனால் அதன் நீண்ட அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே அச்சில் திருப்பி ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் தொடர முடிகிறது. 1970 முதல், சந்திரன் ஒரு ரேடியோ மூலத்தை (ரேடியோ அலைகளை வெளியிடும் விண்பொருளை) மறைக்கும் கணத்தையும் மீண்டும் விடுவிக்கும் கணத்தையும் பதிவு செய்து அந்த மூலத்தின் அளவைக் கணக்கிட்டார்கள். அந்தப் பதிவுகளின் நகல் தாள்களில் அப்பா தன் கையால் எழுதிய குறிப்புகள் எங்கள் வீட்டுப் பரணில் இருந்தன. அவர் காலமான பிறகு, எடுத்துப் பார்க்க மனம் தாங்காமல் எட்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டேன். நீலகிரியின் ஈரத்தில் மையெல்லாம் பரவி, மிச்சத்தை இராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. ஒரு தாள்கூடப் படிக்கும் நிலையில் இல்லை.

யாருக்கு உரியது என்ற விவாதம் மெதுவாக நடக்கட்டும், சகோதரி. அதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துவிடுங்கள்.

பழைய மாணவர்

நீலகிரிவாசி சொன்னதே முதல் வேலை. பென்சில் எழுத்து ஈரத்தில் பரவாது, ஆனால் உராய்ந்து அழியும்; ஆகவே ஏடுகளை அடிக்கடி புரட்ட வேண்டாம். பக்கங்களைப் படமெடுத்தபின், சுருக்கங்களுக்கு விளக்கம் எழுதித் தருவது என் பொறுப்பு. அவர் கையெழுத்தைப் படிக்கக்கூடியவர்கள் மூன்று பேர்தான் இருக்கிறோம், மூவருக்கும் வயதாகிவிட்டது.

வயல்வெளி ஆய்வாளர் கடைசியாகச் சொன்னதற்கு ஒரு பதில். கழித்த எல்லாம் அழிந்துவிடுவதில்லை. சில, தாய்ச்செடிகளாகப் பயன்படலாம் என்று சேகரிப்பில் வைக்கப்படுகின்றன. கரும்பில் ஆண்டுதோறும் கரணை வெட்டி மறுநடவு செய்தால் அதே செடி தொடர்ந்து வாழும். விதையால்தான் மாறுமே தவிர, கரணையால் மாறாது. "மனமில்லை" என்று குறித்த எண்களின் பட்டியல் கிடைத்தால், சேகரிப்பில் எவை இன்னும் நிற்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். நின்றால், அந்தத் தூரின் முன்னால் நின்று அவர் என்ன பார்த்தார் என்பது நமக்குத் தெரியும்.

வயல்வெளி ஆய்வாளர்

அந்த ஒப்பீடு செய்யத்தக்கது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். எண்களை அட்டவணையாக்க ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன்.

கீழ்பவானிப் பாசனத்தான்

அம்மா, நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய ஆண்டு அது, 1993. மாசி மாதம் என்று நினைக்கிறேன்.

கோவை மகள்

ஐயா, கிடைத்துவிட்டது. 1993 மார்ச் 4, வியாழக்கிழமை. உங்கள் ஊர்ப் பெயர், வாய்க்காலின் மடை எண், "செவ்வழுகல், மறுதாம்பு, ஏறத்தாழ ஓர் ஏக்கர்" என்று இருக்கிறது. அதன் கீழே அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "பெரியவர் கோபித்துக்கொண்டார். கோபம் நியாயம். நெல்லுக்குப் பிறகு கரணை கொடுக்க வேண்டும்." அடுத்த ஆண்டு ஏட்டில், நான்காவது பக்கத்தில், அதே ஊர்ப் பெயருக்கு எதிரே "கொடுத்தாயிற்று, மோர் நன்றாக இருந்தது" என்று இருக்கிறது.

கீழ்பவானிப் பாசனத்தான்

என் அப்பா இப்போது இல்லை. அன்று அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். மறுமுறை உங்கள் தந்தையார் கரணையோடு வந்தபோதுகூட அதை வாய்விட்டுச் சொல்ல அவரால் முடியவில்லை. என் அம்மா இருக்கிறார். மோர் கொடுத்தது அவர்தான். அந்த இரண்டு பக்கங்களின் நகல் கிடைக்குமா?

கோவை மகள்

நகல் வேண்டாம், ஐயா. இரண்டு ஏடுகளையும் படமெடுத்தவுடன் நானே கொண்டுவருகிறேன். அம்மா கையில் கொடுத்துப் படித்துக் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் இருப்பீர்களா?